ஆற்றின் கடைசிப் படி

கிழக்கிலங்கையின் வெருகல் பாலத்தில் நின்று பார்த்தால், கோடையில் ஆறு ஓடுகிறதா நிற்கிறதா என்று உடனே சொல்லிவிட முடியாது. ஒரு சருகைப் போட்டுப் பார்க்க வேண்டும். சருகு முதலில் அசையாது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டு முழம் தள்ளிப் போயிருக்கும், கடல் பக்கமாக. அந்த இரண்டு முழத்துக்குக் காரணமான சாய்வைக் கண் காணாது, கால் உணராது. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிற அடியார்கள் வெருகல் சித்திரவேலாயுதர் கோயிலில் தங்கிப் போவார்கள். நாள் கணக்கில் வெறுங்காலோடு நடந்து வந்த அவர்களைக் கேட்டாலும், இந்தத் தரை எந்தப் பக்கம் தாழ்கிறது என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் இங்கே எந்த வயல் விளையும், மார்கழி மழையில் எந்த வீட்டுக்குள் தண்ணீர் புகும், வறண்ட மாதங்களில் எந்தக் கிணறு உவர்க்கும் என்பதையெல்லாம் முடிவு செய்வது அந்தச் சாய்வுதான்.

ஆங்கிலத்தில் இதற்கு ஒரு சொல் உண்டு: கிரேடியன்ட். இலங்கையில் தமிழில் கணிதம் படித்தவர்களுக்கு அதன் தமிழ்ப் பெயர் பழக்கமானது. ‘நேர்கோட்டின் படித்திறனைக் காண்க’ என்ற கேள்வியை எழுதிப் பார்க்காமல் யாரும் சாதாரண தரம் தாண்டியிருக்க மாட்டார்கள். அதே கணக்கைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ‘சாய்வு காண்க’ என்று படிக்கிறார்கள். சாய்வு என்றால் உடனே விளங்கும். படித்திறன் அப்படியில்லை. பல பிள்ளைகளின் காதில் அது படிக்கும் திறமையைப் பற்றிய ஏதோ ஒன்றாகத்தான் விழுகிறது. அந்தச் சொல்லை ஆக்கியவர்கள் ஏன் ‘படி’யை அதற்குள் வைத்தார்கள் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தால் கணக்கு பாதி இலகுவாகிவிடும்.

கிரேடியன்ட் என்பதன் வேர் கிராடுஸ் என்ற இலத்தீன் சொல். அடியெடுத்து வைத்தல், படி என்று அதற்குப் பொருள். பள்ளியில் ஏறிப் போகும் ‘கிரேட்’, படிப்பை முடித்தவருக்குத் தரும் ‘கிராஜுவேட்’ பட்டம், கோணத்தை அளக்கும் ‘டிகிரி’ எல்லாம் அந்த ஒரே குடும்பம். அந்த வேரைத் தமிழில் அப்படியே பிடித்த சொல் படித்திறன். ஓர் அடி முன்னே வைத்தால் எவ்வளவு ஏறுகிறேன், எவ்வளவு இறங்குகிறேன்? கணக்கில் கேட்பது அவ்வளவுதான். ஏறிய உயரத்தை நடந்த தூரத்தால் வகுத்தால் விடை வந்துவிடும்.

ஸ்லோப் என்ற இன்னொரு சொல்லும் இருக்கிறது. நழுவுதல் என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து அது கிளைத்தது என்று சொல்லாராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். தமிழும் இதே வழியில்தான் போயிருக்கிறது. சரிந்து விழுவது ‘சரி’ என்ற வினை. மலையின் பக்கம் ‘சரிவு’. அந்தப் பக்கமே பெயர்ந்து வந்தால் ‘மண்சரிவு’. இரண்டு மொழிக்காரர்களும் ஒருவரையொருவர் அறியாமலே ஒன்றைக் கண்டிருக்கிறார்கள்: சாய்ந்து நிற்கும் நிலம் நழுவக் காத்திருக்கும் நிலம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தபோது, ‘சரிவு’ என்ற சொல்லின் இரண்டு பொருளும் ஒன்றாகிப் போயின.

கிரேக்கத்தில் சாய்வுக்குக் கிளிமா என்று பெயர். பூமத்திய ரேகையிலிருந்து துருவம் நோக்கிப் போகப் போகச் சூரியன் சாய்ந்து தெரிவதைக் கண்ட பழைய புவியியலாளர்கள், பூமியைச் சாய்வுப் பட்டைகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் கிளிமா என்றார்கள். அந்தச் சொல்தான் நடந்து நடந்து ‘கிளைமேட்’ ஆனது. இன்று உலகமெல்லாம் பேசும் காலநிலை, பிறப்பால் ஒரு சாய்வு.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த சொல் மேசன்மாருடையது: வாட்டம். குளியலறைத் தரை போடும்போது ‘தண்ணி வாட்டம் சரியா வை’ என்பார்கள். தண்ணீரை வழியனுப்புவதற்காக மனிதன் தெரிந்தே கொடுக்கும் சாய்வு அது. கழிவுநீர்க் குழாய்க்கு ஓர் அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் என்பது பழைய கணக்கு, 48க்கு 1. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றோடு ஒப்பிட வேண்டியிருக்கும்.

கிரேடியன்ட் என்ற சொல் ஆங்கிலத்தில் பரவலானது 19ஆம் நூற்றாண்டில், ரயில் பாதை போட்டவர்களோடு. வண்டியை மாடு இழுத்த காலத்தில் ‘கொஞ்சம் ஏற்றம்’, ‘பெரிய ஏற்றம்’ என்ற பேச்சே போதுமாக இருந்தது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் ஏறும்போது அது போதவில்லை, எண் தேவைப்பட்டது. ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறும் புகையிரதப் பாதையின் படித்திறன் 44க்கு 1. 44 அடி முன்னே போனால் 1 அடி மேலே. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் போய்ச் சேர்ந்தது இந்த எண்ணுக்கு அடங்கி வளைந்து வளைந்து ஏறித்தான். நீலகிரி மலை ரயிலில் அது 12க்கு 1. வெறும் சக்கரம் அங்கே வழுக்கும் என்பதால் நடுவில் பல் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். சக்கர நாற்காலிக்காகக் கட்டும் சாய்தளத்துக்கு உலகின் பல நாடுகள் வைத்திருக்கும் உச்ச வரம்பும் அதே 12க்கு 1தான். நீராவி எஞ்சின் பல்லால் கடித்து ஏறுகிற ஏற்றத்தை ஒருவர் தன் இரு கைகளால் தள்ளி ஏற வேண்டியிருக்கிறது. அதனால்தான் அந்தச் சாய்தளங்களின் நீளத்தைக் குறுக்கவும், நடுவே இளைப்பாற மட்டமான இடம் விடவும் விதி இருக்கிறது. நம் ஊர்களில் பொதுக் கட்டடங்களின் வாசலில் கட்டியிருக்கும் பல சாய்தளங்களை இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மனம் நோகும்.

வீதி ஓரப் பலகைகளில் சாய்வை நூற்றுவீதமாகவும் போடுவார்கள். 100 வீதம் என்றால் செங்குத்து என்று பலர் நினைக்கிறார்கள். 100 மீட்டர் போய் 100 மீட்டர் ஏறினால் அது 45 பாகைதான்.

இனி ஆற்றுக்கு வருவோம். வெருகல் ஆற்றின் தாயான மகாவலி இலங்கையின் மிக நீண்ட ஆறு, 335 கிலோமீட்டர். 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஹோட்டன் சமவெளிப் பக்கத்து மலைகளிலிருந்து அதன் தலையருவிகள் இறங்குகின்றன. உயரத்தை நீளத்தால் வகுத்தால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6 மீட்டர் இறக்கம். ஆனால் இந்தச் சராசரி ஆற்றின் எந்த இடத்தையும் காட்டாது. பிறந்த இடத்தில் விழுந்து விழுந்து இறங்கி, நடுவில் வேகமாய் ஓடி, கடைசியில் படுத்துவிடும் ஆறு அது. நல்ல மழை பெய்யும் நாட்டின் ஆறுகள் பெரும்பாலும் இப்படித்தான். பக்கவாட்டில் வரைந்தால் உள்நோக்கிக் குழிந்த வளைகோடு கிடைக்கும், மரத்தில் கட்டிய ஊஞ்சற் கயிற்றின் ஒரு பாதி போல.

மகாவலித் திட்டக்காரர்கள் அந்த வளைகோட்டில் உண்மையாகவே படி கட்டினார்கள். கொத்மலை நீர்த்தேக்கம் நிறைந்தால் அதன் மட்டம் கடலிலிருந்து ஏறத்தாழ 703 மீட்டர் உயரம். விக்டோரியா 438. ரந்தெனிகல 232. ரந்தம்பே 152. தண்ணீர் ஒவ்வொரு படியிலும் நின்று, குதித்து, மின்சாரம் தந்து இறங்குகிறது. விக்டோரியா அணைக்கட்டு மட்டும் 122 மீட்டர் உயரம், 1985இல் திறந்தார்கள். ரந்தம்பே தாண்டியதும் ஆற்றிடம் மிச்சம் இருப்பது 150 மீட்டருக்கும் குறைவான உயரம். கடலுக்கு இருக்கும் தூரமோ, காகம் பறக்கிற கோட்டில் அளந்தாலே 140 கிலோமீட்டருக்குக் குறையாது. ஆறு காகம் போலப் போவதும் இல்லை. ஆக, கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கூட இல்லை. மேசன் கழிவுக் குழாய்க்குக் கொடுத்த வாட்டத்தில் இருபதில் ஒரு பங்குதான் இது. அதிலும் பெரும் பகுதியை வழியிலேயே செலவு செய்துவிட்டு, பொலன்னறுவைச் சமவெளியைக் கடந்து வெருகலுக்கு வரும்போது ஆறு கை வெறுமையாக வருகிறது.

கை வெறுமையான ஆறு என்ன செய்யும்? அயர்லாந்துப் பொறியியலாளர் ரொபர்ட் மானிங் 1889இல் முன்வைத்த சூத்திரம் ஒன்றை நீர்ப்பாசனப் பொறியியலாளர்கள் இன்றும் கையில் வைத்திருக்கிறார்கள். மற்றவை மாறாதிருந்தால், ஓடும் நீரின் வேகம் சாய்வின் வர்க்கமூலத்தோடு கூடிக் குறையும். சாய்வு நாலில் ஒன்றானால் வேகம் பாதி. சாய்வு நூறில் ஒன்றானால் வேகம் பத்தில் ஒன்று. வேகம் விழுந்தால் சுமை தாங்காது. மலையில் பாறையை உருட்டியவன் இடையில் கூழாங்கல்லை விடுவான், பிறகு பருமணலை, பிறகு நுண்மணலை. கடைசியில் களிமண் மட்டும் கலங்கலாகக் கூட வரும். ஆறு ஒரு சல்லடை; சல்லடைக் கண்ணின் அளவைத் தீர்மானிப்பது சாய்வு. மகாவலியின் பெயரிலேயே இது இருக்கிறது. சிங்களத்தில் ‘வெலி’ என்றால் மணல். பெருமணல் ஆறு.

அப்படி விட்ட மணல் ஆற்றின் அடியை உயர்த்துகிறது. கரை மீறும் ஒவ்வொரு வெள்ளத்திலும், தண்ணீர் கரையைத் தாண்டிய கணத்திலேயே வேகம் இழந்து, பருமணலைக் கரையோரத்திலேயே போட்டுவிட்டுப் போகிறது. பல நூறு வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரையே அந்தப் பகுதியின் மேடாகிவிடுகிறது. ஆற்றை விட்டு விலகிப் போகப் போகத் தரை தாழ்கிறது. வெளியூரிலிருந்து வருபவர்கள் இதை நம்பமாட்டார்கள். ஆற்றுக்குப் பக்கம் பள்ளம், தள்ளிப் போனால் மேடு என்றுதான் எவரும் நினைப்பார்கள். சமவெளி ஆறுகளில் அது நேர் எதிர். கரைக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தாழ்வுகளில் தேங்கும் ஆழமில்லாத நீர்நிலைகளுக்கு வில்லு என்று பெயர். மகாவலியின் கீழ்ச்சமவெளி முழுக்க வில்லுகள். கோடையில் தண்ணீர் வற்ற வற்ற அங்கே பசும்புல் முளைக்கும். யானைக் கூட்டம் இறங்கும். 1984இல் அந்தச் சமவெளியின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்.

தன் அடியைத் தானே உயர்த்திக்கொண்ட ஆறு, பக்கத்தில் கொஞ்சம் தாழ்வு கிடைத்தால் அந்தப் பக்கம் உடைத்துக்கொண்டு போகும். இப்படிப்பட்ட சமவெளியில் ஆறுகள் கிளை பிரிவது இதனால்தான். வெருகல் ஆறு மகாவலியிலிருந்து பிரிந்து வரும் கிளை. தாய் ஆறு மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. கிளை தெற்கே தள்ளி, திருகோணமலை மாவட்டமும் மட்டக்களப்பு மாவட்டமும் முட்டும் எல்லையில் கடலுக்குப் போகிறது. இரண்டு மாவட்ட எல்லையை வரைந்த கை எந்த அதிகாரியுடையதாக இருந்தாலும், அதற்கு முதல் அங்கே கோடு கிழித்தது ஒரு சில அங்குலச் சாய்வு.

அங்குலக் கணக்கான சாய்வை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணால் முடியாது என்பதில் ஐயமே வேண்டாம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் ப்ராஃபிட் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 1995இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 5 பாகைச் சரிவின் அடியில் ஆட்களை நிறுத்தி எத்தனை பாகை என்று கேட்டால், 20 பாகை அளவில் சொல்கிறார்கள். ஏற்றத்தை நாம் பெருக்கிப் பார்க்கிறோம். லடாக்கில் லே நகருக்குப் பக்கத்தில் ‘காந்த மலை’ என்று ஓர் இடம். பிரேக்கை விட்டால் வண்டி மேட்டை நோக்கி ஏறுவது போலத் தெரியும். உண்மையில் அது இறக்கம். சுற்றியுள்ள மலைகளின் சாய்வு தொடுவானத்தை மறைத்துக் கண்ணைக் குழப்புகிறது. விண்வெளியிலிருந்து பார்த்தால் தெரியுமா? 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் சுற்றி, ராடாரால் உலகத் தரையில் பெரும்பகுதியின் உயரத்தை அளந்தது. மாபெரும் வேலை. ஆனால் அதன் பிழை மீட்டர் கணக்கில். காட்டுப் பகுதிகளில் மர உச்சியையே தரை என்று எடுத்துக்கொண்டது. மலைநாட்டுக்கு அது போதும். சென்டிமீட்டரில் வாழும் வெருகல் போன்ற ஊருக்குப் போதாது.

போதுமான கருவி ஒன்று மிகப் பழையது: தண்ணீர். தேங்கி நிற்கும் நீர்ப்பரப்பு மட்டம் பிசகாது. இந்தத் தீவின் பழைய குளக்கட்டுக்காரர்கள் அதை ஆண்ட விதம் உலகம் வியக்க வேண்டியது. 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் என்ற மன்னன் காலத்தில் கலாவாவியிலிருந்து அனுராதபுரத்தின் திசாவாவிக்கு வெட்டிய யோத ஏல என்னும் வாய்க்கால் ஏறத்தாழ 87 கிலோமீட்டர் நீளம். அதன் முதல் 17 மைலில் இறக்கம் மைலுக்கு 6 அங்குலம். 10,000 அடி போனால் 1 அடி கூட இறங்காது. கொஞ்சம் கூடினால் தண்ணீர் கரையை அரித்துவிடும். கொஞ்சம் குறைந்தால் வண்டல் படிந்து வாய்க்கால் அடைத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்த மெல்லிய இடத்தைக் காடும் மேடும் நிறைந்த நாட்டில் மைல் கணக்கில் பிடித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். வாய்க்காலுக்கு ஒரு பக்கம்தான் கரை. மேட்டுப் பக்கத்தைத் திறந்து விட்டு, வழியில் வரும் மழைநீரையும் வாங்கிக்கொண்டார்கள். ரோமர்கள் நீம் நகருக்குக் கொண்டுபோன கல்வாய்க்கால் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஓடி, மொத்தமாக 20 மீட்டருக்கும் குறைவாக இறங்குகிறது. அதன் பாலத்தைப் பார்க்க உலகமே பிரான்ஸுக்குப் போகிறது. யோத ஏலவின் கரையில் நிற்பவருக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. சாய்வு தெரியாது. அதுதான் அந்த வேலையின் பெருமை.

திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளமும் இந்த அறிவின் பிள்ளைதான். குளக்கோட்டன் கட்டியது என்பது திருகோணமலை மரபு. சிங்கள வரலாற்று மரபு இரண்டாம் அக்போ மன்னனின் பெயரைச் சொல்லும். கட்டியவர் யாராயினும், மேலே தேக்கி, கீழே எல்லா வயலுக்கும் தண்ணீர் தானாகப் போகும்படி இடம் பார்த்த கண் மிகக் கூரியது. மேலே தேக்கிய தண்ணீர் எவ்வளவு வலுவுள்ளது என்பதை 1986 ஏப்ரல் 20 விடியற்புறத்தில் அந்தக் குளம் உடைத்துக் காட்டியது. தூக்கத்திலிருந்த நூறு பேருக்கு மேல் மாண்டார்கள்.

வயலுக்குள்ளும் இதே அறிவு வேலை செய்கிறது. முழு வட்டைக்கும், அதாவது வயல்வெளி முழுவதற்கும், ஒரு சாய்வு வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் பாயாது. ஆனால் ஒரு வரம்புக்குள் சாய்வே இருக்கக் கூடாது, இருந்தால் ஒரு மூலையில் நாற்று மூழ்கும், மறு மூலையில் களை ஏறும். அதனால்தான் சேறாக்கிய பிறகு பலகை அடித்து மட்டம் எடுக்கிறார்கள். வரம்புக்கு வரம்பு ஒரு சாண், அரைச் சாண் இறக்கம். ஒவ்வொரு வரம்பிலும் தண்ணீர் இறங்க ஒரு வக்கடை. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே பச்சை. உண்மையில் அது நூற்றுக்கணக்கான படிகள் கொண்ட மிகத் தாழ்வான படிக்கட்டு. படித்திறன் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல படம் எந்தப் பாடநூலிலும் இல்லை.

சாய்வு வழியே தண்ணீர் வரும் நிலத்தில், மேலே நிற்பவர் கையில் கீழே இருப்பவரின் வயிறு இருக்கிறது. 2006 ஜூலையில் மாவிலாற்று அணையின் கதவு மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வயலுக்குத் தண்ணீர் நின்றது. அதைத் தொட்டு மூண்ட சண்டை பெரும் போராக வளர்ந்தது. வெருகல், ஈச்சிலம்பற்றுச் சனங்கள் வீடு வாசலை விட்டு வாகரைப் பக்கமும் மட்டக்களப்புப் பக்கமும் ஓடினார்கள். ஒரு கதவின் உயரத்தில் நடந்த காரியத்துக்கு அவர்கள் கொடுத்த விலையை எந்த எண்ணாலும் எழுத முடியாது.

ஆற்றின் முகத்துவாரத்தில் சாய்வு இன்னொரு பாடம் சொல்கிறது. தண்ணீர் ஓடுவதற்கு அடித்தரை சாய்ந்திருக்க வேண்டியதில்லை. நீர்ப்பரப்பு சாய்ந்திருந்தால் போதும். மழைக்காலத்தில் மேலிருந்து வரும் வெள்ளம் நீர்மட்டத்தை உயர்த்துகிறது. கடல் மட்டம் அப்படியே நிற்கிறது. இரண்டுக்கும் இடையில் சாய்வு பிறக்கிறது. ஆற்றுவாயை மணல்திட்டு அடைத்துக்கொண்டால் அந்தச் சாய்வு கெட்டு, தண்ணீர் பின்னோக்கி ஊருக்குள் ஏறும். கிழக்கில் மாரிக்கு மாரி ‘முகத்துவாரம் வெட்டுவது’ பற்றிப் பேச்சு எழுவது இதனால்தான். கோடையில் கதை மாறும். ஆற்றில் நீர் குறையும்போது, உப்புநீர் கனமானது என்பதால் நன்னீருக்கு அடியால் ஆப்புப் போல நுழைந்து மேலே வருகிறது. மேலே அள்ளிக் குடித்தால் இனிப்பு, அடியில் உவர்.

இந்தத் தட்டையில் கடல் மட்டம் 10 சென்டிமீட்டர் உயர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய ஆய்வு வேண்டாம், படித்திறன் கணக்கே போதும். கிலோமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சாயும் இடத்தில், கடலின் ஆட்சி 1 கிலோமீட்டர் உள்ளே வரும். 1900இலிருந்து உலகக் கடல் மட்டம் சராசரியாக ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. செங்குத்தான கரையில் வாழ்பவருக்கு அது ஒரு சாண். தட்டையில் வாழ்பவருக்கு அது கிலோமீட்டர்.

தரை இவ்வளவு தட்டை. வடக்கே கடலடியோ இதற்கு நேர் மாறு. மகாவலி விழும் கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. உலகின் பெரிய கடலடிப் பள்ளத்தாக்குகளில் ஒன்று. கடலுக்குள் போகப் போக 3,000 மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பெரும் கப்பல்கள் வர முடிவதும், நீலத் திமிங்கிலங்கள் கரைக்கு இவ்வளவு கிட்ட உலாவுவதும் இந்த ஆழத்தால்தான். ஹோட்டன் சமவெளிப் பக்கம் உடைந்த ஒரு மண்துகள் 335 கிலோமீட்டர் பயணம் செய்து, கடைசியில் ஒரு விரல் அளவு சாய்வில் தவழ்ந்து, கடலைத் தொட்டதும் மறுபடியும் மலைச்சரிவு போன்ற ஒரு செங்குத்தில் விழுகிறது. இந்த முறை இருட்டில்.

கிரேடியன்ட் என்ற சொல் இன்று தரையோடு நின்றுவிடவில்லை. காற்றழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குச் சரியும் சரிவுதான் கச்சானையும் வாடையையும் கிளப்புகிறது. நாம் இழுக்கும் மூச்சில் ஒட்சிசன் நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குள் போவது செறிவு கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு. அடுப்பின் சூடு சட்டிக்குப் போவதும் அப்படியே. சரிவு இல்லாத இடத்தில் எதுவும் நகராது. உடம்புக்குள் எல்லாச் சரிவும் மட்டமாகிப் போன நிலைக்கு மரணம் என்று பெயர்.

வெருகலுக்குத் திரும்புவோம். 2011 ஜனவரியில் கிழக்கைப் பெருவெள்ளம் மூடியது. பாதிக்கப்பட்டவர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியது. தட்டை நிலத்தில் வெள்ளம் அடித்துக்கொண்டு போகாது. ஏறி நிற்கும், இறங்க மறுக்கும். அப்படி நிற்கும் தண்ணீருக்குக் குறுக்கே நாம் போடும் ஒவ்வொரு மேடும் ஓர் அணைதான். உயர்த்திய வீதி, மண் நிரப்பிய வளவு, சுற்றுமதில் எல்லாம் அணை. வீதிக்கு அடியில் போதிய போக்குக் குழாய் வைக்காமல் விட்டால், ஒரு பக்கத்து ஊர் நனையாமல் இருக்க மறு பக்கத்து ஊர் வாரக்கணக்கில் தண்ணீரில் நிற்கும். ஒரு சாண் மண்ணைக் கொட்டும்போது தண்ணீரின் வழியைத்தான் மாற்றுகிறோம். அதை அளக்காமல் செய்வது பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்யும் தீங்கு என்றே நான் சொல்வேன்.

அளப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. உள்ளே தண்ணீர் தெரியும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் 20 மீட்டர் வாங்குங்கள். காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். வளவின் இரண்டு அந்தத்திலும் ஒரே உயரமான இரண்டு தடிகளை நட்டு, குழாயின் முனைகளை அவற்றில் சேர்த்துப் பிடியுங்கள். ஒரு முனையைப் பிள்ளை பிடிக்கட்டும். தண்ணீர் அடங்கியதும் இரண்டு தடியிலும் நீர் நிற்கும் இடத்தில் கோடு போட்டு, ஒவ்வொரு கோடும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளவிடுங்கள். இரண்டு உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தடிகளுக்கு இடையிலான தூரத்தால் வகுத்தால் வருவது உங்கள் வளவின் படித்திறன். 15 மீட்டருக்கு 3 சென்டிமீட்டர் என்றால் 500க்கு 1. இந்த மாரி தொடங்குவதற்கு முன் அளந்து, எந்தப் பக்கம் தாழ்வு என்று பிள்ளையின் கையால் சுவரில் எழுதி வையுங்கள்.